விளக்கு வரும் பின்னே, தண்ணீர் வரட்டும் முன்னே!

விருத்தாசலம் என்றதும் உங்களுக்கு எது ஞாபகத்துக்கு வரும்? சென்னையிலிருந்து திருச்சிக்கு ரயிலில் போகிறவர்களுக்கு, விழுப்புரமும் உளுந்தூர்ப்பேட்டையும் தாண்டியதும் வருகிற பெரிய ஜங்ஷன் அது. கடலூர் பக்கமும் சேலம் பக்கமும் அங்கிருந்துதான் தண்டவாளம் பிரிகிறது. பக்தி உள்ளவர்களுக்குப் பழமலைநாதர் கோயில். 'காசிக்கு வீசம் அதிகம்' என்று பெரியவர்கள் சொல்லும் விருத்தகாசி.

ஆனால் சகோதரிகளே, அந்த ஊருக்குப் போகாதவர்கள் வீட்டிலும் அந்த ஊர் இருக்கக் கூடும்! கார்த்திகைக்கு வாங்கிய பளபளக்கும் பீங்கான் அகல், கொலுப் படியில் நிற்கும் சின்னப் பொம்மை, மெயின் போர்டில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் ப்யூஸ் கட்டை... இவையெல்லாம் விருத்தாசலத்துப் பட்டறைகளில் செய்யப்படுகிறவை. பீங்கான் தொழிலுக்கென்றே அங்கே ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது. அந்தத் தொழிலைப் படிக்க ஓர் அரசு கல்வி நிலையமும் இருக்கிறது.

போன காலாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். என் பெரியம்மா மகள் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். நவராத்திரி சமயம். "கொலுவும் பார்த்த மாதிரி இருக்கும், கோயிலுக்கும் போன மாதிரி இருக்கும், வா" என்று அக்கா கூப்பிட்டாள். போன இடத்தில் கொலுவும் பார்த்தேன், கோயிலும் பார்த்தேன். அவற்றோடு கூட ஒரு நல்ல பழக்கத்தையும் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடலாமா?

முதல் நாள் காலையிலேயே கோயிலுக்குப் போனோம். திருமுதுகுன்றம் என்பது ஊரின் பழைய பெயர். இந்தக் கோயிலில் எல்லாமே ஐந்து என்பார்கள்: கோபுரம் ஐந்து, பிராகாரம் ஐந்து, நந்தி ஐந்து. உள்ளே நுழைந்ததும் படியிறங்கிப் போய்க் கும்பிட வேண்டிய ஆழத்துப் பிள்ளையார் இருக்கிறார். "சாமி ஏன் பள்ளத்துல உட்கார்ந்திருக்காரு?" என்று கேட்டுக்கொண்டே என் சின்னவன் இரண்டு தடவை ஏறி இறங்கிவிட்டான்.

கோயிலை ஒட்டி ஓடுகிறது மணிமுத்தாறு. சுந்தரர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த ஊர் இறைவனிடம் அவர் பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார். அதை வழியில் கள்வர் பறிக்காமல் திருவாரூர் கொண்டு சேர்க்க வேண்டுமே! இறைவன் சொன்னபடி பொன்னை மணிமுத்தாற்றில் போட்டார். திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார். 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்று நாம் சொல்வது இதை வைத்துத்தான்.

அக்காவின் மாமியாரும் எங்களோடு வந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். ஆற்றைப் பார்த்தபடி அவர் சொன்னார்: "சுந்தரருக்கு சாமியே துணை. ஆத்துல போட்டாரு, குளத்துல எடுத்தாரு. நாம டார்ச் லைட்டை ஓர் இடத்துல போட்டுட்டுக் கரண்டு போன ராத்திரியில வேற இடத்துல தேடினா கிடைக்குமா?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்த அம்மாள் சிரிப்புக்காகச் சொல்லவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

சூளைக்கு முன்னால்தான் வேலை

மறுநாள் அக்காவுக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்குப் போனோம். பிள்ளைகளை அழைத்துப் போக இதைவிட நல்ல இடம் கிடையாது. களிமண்ணோடு வெண்கல் பொடிகளைச் சேர்த்துத் தண்ணீர் விட்டுத் தோசை மாவு பதத்துக்குக் கரைக்கிறார்கள். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும் பூமியிலும் இந்த வேலைக்கு ஏற்ற வெண்களிமண் உண்டு. கரைத்த குழம்பை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் கெட்டியாகப் படிகிறது. மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால், உள்ளே கூடான ஒரு குட்டிப் பிள்ளையார்! பிள்ளைகளுக்கு ஒரே ஆனந்தம்.

அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளைப் பலகைகளில் வரிசையாகக் காய வைத்திருந்தார்கள். ஒரு பெண்மணி ஒவ்வொன்றாக எடுத்து, அச்சின் இணைப்புத் தழும்பைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது காய எத்தனை நாளம்மா ஆகும்?" என்று கேட்டேன்.

"வெயிலைப் பொறுத்தும்மா. அவசரப்பட முடியாது. ஈரத்தோட சூளைக்குள்ள வெச்சா உள்ள இருக்கிற தண்ணி ஆவியாகி வெடிச்சுப் போயிடும். பக்கத்துல இருக்கிறதையும் சேர்த்துக் கெடுத்துடும். சூளைக்குள்ள போயாச்சுன்னா அப்புறம் நாம கை வைக்க முடியுமா? என்ன பார்க்கணுமோ அதை நெருப்புக்கு முன்னாலேயே பார்த்துடணும்."

ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் சூளை. அதற்குள் போன பிறகு யாராலும் எதையும் திருத்த முடியாது. வாஸ்தவந்தானே! நம் வீட்டிலும் அப்படித்தான். தீப்பிடித்த பிறகு வாளியைத் தேடுவதும், வெள்ளம் வாசலுக்கு வந்த பிறகு ரேஷன் கார்டைத் தேடுவதும், சூளைக்குள் கையை விடுகிற வேலை.

விளக்குக்கு முன்னால் தண்ணீர்

அக்காவின் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கார்த்திகையன்று முதல் அகலை ஏற்றுவதற்கு முன், வாசலில் ஒரு வாளித் தண்ணீரும், நனைத்துப் பிழிந்த ஒரு சாக்கும் வந்துவிட வேண்டும். வாளி வராமல் தீப்பெட்டி வராது. இது மாமியார் போட்ட சட்டம். "விளக்குக்கு முன்னால தண்ணி" என்று வீட்டுக் குழந்தைகளே பாட்டாகச் சொல்கின்றன.

மூன்று வருஷத்துக்கு முன் அந்தச் சட்டம் ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. எதிர் வீட்டுப் பெண் குழந்தை, எட்டு வயது. நைலான் பாவாடை கட்டிக்கொண்டு திண்ணை ஓரமாகக் கோலத்தைப் பார்க்க வந்தவள் குனிந்தபோது, பாவாடை விளிம்பு அகலில் பட்டுப் பிடித்துக்கொண்டது. பயந்துபோன குழந்தை ஓட ஆரம்பித்தாள். ஓடினால் காற்றுப்பட்டு நெருப்பு இன்னும் எழும்பும் அல்லவா? மாமியார் பாய்ந்து அவளைக் கீழே படுக்க வைத்து ஈரச் சாக்கைப் போர்த்தினார். அக்கா மகன் வாளியைக் கவிழ்த்தான். அத்தனையும் சில விநாடிகளுக்குள்! அதற்குப் பிறகு குழாயடியில் உட்கார வைத்து, கெண்டைக்காலில் இருபது நிமிஷம் தண்ணீர் விட்டார்கள். அதற்குள் 108 வண்டி வந்துவிட்டது.

உள்ளங்கையளவுத் தழும்போடு போயிற்று. நான் போயிருந்தபோது அந்தப் பெண் கொலுவில் பாட்டுப் பாடிவிட்டுச் சுண்டலை வாங்கிக்கொண்டு ஓடினாள். வாளி உள்ளே கிணற்றடியில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைக்கவே உடம்பு சிலிர்க்கிறது.

அன்று இரவு கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். "இதெல்லாம் உங்களுக்கு எப்படி அத்தை ஞாபகம் இருக்கு? வீட்டு வேலையில எனக்கு மறந்தே போயிடுதே" என்று கேட்டேன்.

"நாள் வெக்காத வேலை நடக்காதும்மா" என்றார் அவர். "ஒரு நாளைக்குப் பார்த்துக்கலாம்னு சொன்னா அந்த ஒரு நாள் வரவே வராது. பண்டிகை மட்டும் தவறாம வருதில்ல? அதோட முடிச்சுப் போட்டுடணும்."

சகோதரிகளே, இந்த ஒரு வார்த்தைக்காகவே நான் விருத்தாசலம் போனது தகும் என்று தோன்றியது. மற்ற நாட்டாரும் இதைத்தான் செய்கிறார்கள். ஜப்பானில் 1923 செப்டம்பர் 1 அன்று பெரும் பூகம்பம் வந்து தோக்கியோ, யோக்கோஹாமா நகரங்கள் அழிந்தன. 1960 முதல் அந்தத் தேதியைப் பேரிடர்த் தடுப்பு நாளாக வைத்து, பள்ளிக் குழந்தைகள் முதல் பெரியவர்கள் வரை ஒத்திகை பார்க்கிறார்கள். நமக்குப் புதிதாக நாள் குறிக்க வேண்டியதில்லை. நம் பஞ்சாங்கத்தில் பண்டிகைக்கா பஞ்சம்?

அந்த வீட்டு வழக்கத்தையும், ஊர் திரும்பிய பிறகு நான் சேர்த்துக்கொண்டதையும் பண்டிகை வரிசைப்படி சொல்கிறேன்.

கொலுப் பெட்டியும் மழைப் பெட்டியும்

பரணிலிருந்து கொலுப் பெட்டியை இறக்குகிற நாளில் அக்கா இன்னொரு பெட்டியையும் இறக்குகிறாள். அதற்கு 'மழைப் பெட்டி' என்று பெயர். ஏன் தெரியுமா? நவராத்திரி முடிந்து சில நாளில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது. நம் பண்டிகைகளும் புயலும் ஒரே சமயத்தில்தான் வருகின்றன.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்தது. 2011 டிசம்பர் 30, புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு, தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் சாய்த்துவிட்டுப் போனது. பல கிராமங்களுக்கு வெகு நாள் கரண்டு இல்லை. 2015 நவம்பர் 9, மறுநாள் தீபாவளி. அந்தச் சமயத்தில் நெய்வேலியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பலகாரம் சுட்டு வைத்திருந்த வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது.

மழைப் பெட்டியில் என்ன இருக்கிறது? டார்ச் லைட், தனியாகப் பாலிதீனில் சுற்றிய பாட்டரிகள், சார்ஜ் ஏற்றிய பவர் பாங்க், சிறிய ரேடியோ, தீப்பெட்டி, விசில். ரேஷன் கார்டு, ஆதார், பாங்க் பாஸ் புத்தகம், பள்ளிச் சான்றிதழ் இவற்றின் நகல்கள் நீர் புகாத உறையில். வீட்டுப் பெரியவர்களின் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு, மருந்துச் சீட்டின் நகலோடு. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், கட்டுத் துணி, பிஸ்கட், அவல், பொரிகடலை, ஒரு செட் மாற்றுத் துணி, சானிட்டரி நாப்கின், கொஞ்சம் சில்லறை நோட்டுகள். கைக்குழந்தை இருந்தால் அதற்கு வேண்டியவை. மழை எச்சரிக்கை வந்தால் குடிதண்ணீரும் நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டும்.

பரண் மேல் போட்டுவிடாமல், தண்ணீர் எட்டாத ஆனால் கை எட்டுகிற அலமாரித் தட்டில் இதை வைக்கிறார்கள். கொலுவை எடுத்து வைக்கும் நாளில் ஒரு தடவை திறந்து பார்த்துவிட வேண்டும். மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துக்கு 1070 என்று பெட்டியின் மூடியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

ஆயுத பூஜைக்கு மின்சாரம்

அரிவாள்மனை, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். மெயின் போர்டுக்கு? அக்காவின் வீட்டில் மெயின் போர்டுக்கும் பொட்டு உண்டு. ஆனால் பொட்டு வைக்கும் முன் பரீட்சை உண்டு!

பட்டறையில் ப்யூஸ் கட்டையைக் கையில் எடுத்துக் காட்டி விளக்கினார்கள். பீங்கானில் மின்சாரம் பாயாது, சூட்டில் உருகாது. அதனால்தான் அதில் செய்கிறார்கள். அதற்குள் போகும் கம்பி மட்டும் வேண்டுமென்றே மெல்லியது. அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் முதலில் அது உருகி அறுந்து, வீட்டு ஒயரைக் காப்பாற்றுகிறது. 'அடிக்கடி போகுதே' என்று தடித்த கம்பியைப் போட்டுவிட்டால், அது அறுவதற்குப் பதில் சுவருக்குள் இருக்கும் ஒயர் சூடேறித் தீப்பிடிக்கும். குறிப்பிட்ட அளவுக் கம்பிதான் போட வேண்டும். அடிக்கடி போனால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ப்யூஸ் ஒயரைத்தான் காப்பாற்றும். மனிதருக்கு ஷாக் அடிப்பதைத் தடுக்காது. அதற்கு ஆர்.சி.சி.பி. என்ற கருவி தேவை. மின்சாரம் கசிந்து உடல் வழியே பூமிக்குப் பாய்ந்தால், 30 மில்லி ஆம்பியர் அளவிலேயே கண்ணிமைக்கும் நேரத்தில் அது இணைப்பைத் துண்டித்துவிடும். அதில் ஒரு சிறு 'டெஸ்ட்' பொத்தான் உண்டு. அழுத்தினால் டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் கருவி வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அவ்வப்போது அழுத்திப் பார்ப்பது நல்லது. ஆயுத பூஜையன்று கட்டாயம்.

கொலுவுக்குப் போடும் சீரியல் விளக்கின் ஒயர் தோலுரிந்திருக்கிறதா, மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் ஒயர்கள் முறுக்கி வெடித்திருக்கின்றனவா என்றும் அன்றே பாருங்கள். மெயின் சுவிட்ச் எது, அதை எப்படி அணைப்பது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள். வெள்ளம் வீட்டுக்குள் வரும் முன் அதை அணைத்துவிட வேண்டும். தண்ணீரில் நின்றபடி தொடவே கூடாது.

தீபாவளிக்கு நெருப்பும் எண்ணெயும்

தீபாவளிக்கு வெடி வாங்கும்போதே வாளியும் ஞாபகத்துக்கு வர வேண்டும். எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பியைத் தரையில் போடாமல் தண்ணீர் வாளியில் போடச் சொல்லுங்கள்; சுடச்சுட இருக்கும் அந்தக் கம்பியை மிதித்துக் கால் பொசுக்கிக்கொள்ளும் குழந்தைகள் எத்தனை பேர்! பருத்தி உடை, காலில் செருப்பு, பக்கத்தில் ஒரு பெரியவர். வெடிக்காத வெடியின் அருகில் போய்க் குனிந்து பார்க்கக் கூடாது. கண்ணில் பட்டால் கசக்காமல், சுத்தமான துணியால் மெல்ல மூடி உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

அடுப்பங்கரையில் பலகாரம் சுடுகிற நாளும் அதுவே. வாணலி எண்ணெய் தீப்பிடித்துக்கொண்டால் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள்! எண்ணெய் சிதறி நெருப்பு கூரை வரை எழும்பும். அடுப்பை அணைத்து, பொருத்தமான மூடியாலோ தாம்பாளத்தாலோ வாணலியை மூடிவிடுங்கள். ஆறும் வரை திறக்காதீர்கள், நகர்த்தாதீர்கள்.

தீப்புண்ணுக்கு முதல் வைத்தியம் குழாய்த் தண்ணீர்தான். ஓடும் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். ஐஸ், பேனா மை, பற்பசை, மஞ்சள், வெண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். வளையல், மோதிரத்தை வீக்கம் வருவதற்கு முன் கழற்றிவிடுங்கள். உடம்போடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி டாக்டரிடம் போங்கள்.

கார்த்திகைக்கு அகல்

விருத்தாசலத்து அகலின் மேல் கண்ணாடி போன்ற பூச்சு இருப்பதால் எண்ணெயை உறிஞ்சாது, கசியாது. சாதாரண மண் அகலை வாங்கினால் முதலில் தண்ணீரில் ஊற வைத்துக் காய வைத்துவிட்டு ஏற்றுங்கள். அதுவும் எண்ணெய் குடிப்பது குறையும். எந்த அகலானாலும் ஜன்னல் திரைக்குக் கீழே, மாடிப்படி நடுவில், காஸ் ஸிலிண்டர் இருக்கும் மூலையில் வைக்க வேண்டாம். குழந்தைகள் ஓடும் வழியில் தாம்பாளத்தில் மணல் பரப்பி, அதன் மேல் வையுங்கள். முந்தானையைச் சொருகிக்கொண்டு, தளர்ந்த பாவாடை, துப்பட்டா இல்லாமல் ஏற்றுங்கள். உடையில் நெருப்புப் பற்றினால் 'நில், படு, உருள்' என்ற மூன்று வார்த்தைகளைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகவே கற்றுக் கொடுங்கள். நாங்கள் அக்கா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து இந்த விளையாட்டை ஆடினோம். என் சின்னவன் போதும் போதும் என்றாலும் நிறுத்தவில்லை!

போகிக்கு மருந்துப் பெட்டி

பழையன கழிதல் என்கிறோம். அன்று மருந்து டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள். தேதி கடந்த சிரப், பாதி தின்ற ஆன்டிபயாடிக், பெயர் அழிந்த மாத்திரை எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். போகித் தீயில் போட்டுவிடாதீர்கள்; டயரும் பிளாஸ்டிக்கும் கூடாது. குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்த பினாயில், ஆசிட், மண்ணெண்ணெய் இருந்தால் அன்றே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். தாகத்தோடு வரும் குழந்தைக்கு பாட்டில்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது.

சித்திரை முதல் நாள் காஸ்

தமிழ்ப் புத்தாண்டும் தீத்தொண்டு நாளும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன என்பது உங்களுக்குத் தெரியுமா? 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் வெடித்தது. தீயை அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் உயிர் விட்டார்கள். அவர்கள் நினைவாக ஏப்ரல் 14 முதல் ஒரு வாரம் நாடு முழுவதும் தீத்தொண்டு வாரமாக அனுசரிக்கப்படுகிறது. கோடை நெருப்புக் காலம் ஆரம்பிக்கும் சமயமும் அதுதான்.

மாங்காய்ப் பச்சடிக்கு அடுப்பைப் பற்ற வைக்கும் முன் காஸ் குழாயைப் பாருங்கள். ஆரஞ்சு நிறச் சுரக்ஷா குழாய்க்கு ஐந்து வருஷம்தான் ஆயுள். அதன் மேலேயே தேதி அச்சிட்டிருக்கும். ஸிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர், டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். எண் வருஷத்தைக் குறிக்கும். அந்த மாதங்களுக்குள் ஸிலிண்டரைப் பரிசோதித்திருக்க வேண்டும் என்று அர்த்தம். அந்தத் தேதி கடந்த ஸிலிண்டர் வந்தால் வாங்காதீர்கள்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சோப்பு நுரை தடவுங்கள், குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது பேராபத்து! காஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் படியும். வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எல்லோரும் வெளியே வந்து 1906 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

விடுமுறைக்குத் தண்ணீர்

கடைசியாக, பள்ளி விடுமுறை. மணிமுத்தாற்றைப் பார்த்ததும் என் பெரியவன், "அம்மா, குளிக்கலாமா?" என்று ஆரம்பித்துவிட்டான். ஊருக்குப் போனால் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான். 2022 ஜூன் 5, ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றில் குளிக்கப் போன ஏழு பெண்கள் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் சிறுமிகளும் உண்டு. நீரில் தத்தளித்தவர்களைக் காப்பாற்ற இறங்கியவர்களும் கூடவே போய்விட்டார்கள் என்பதுதான் நெஞ்சைப் பிளக்கிற செய்தி.

அதனால் அன்று ஆற்றங்கரையிலேயே பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடந்தது. நடத்தியவர் வேறு யார், மாமியார்தான். "தெரியாத தண்ணியில எறங்காதே. மணல் அள்ளின பள்ளம் மேல தெரியாது. ஒருத்தர் முழுகினா நீயும் குதிக்காதே. கத்து, ஆளைக் கூப்பிடு. குச்சியை நீட்டு, புடைவையைப் போடு, காலிக் குடத்தைத் தூக்கி எறி." பிளாஸ்டிக் குடம் மிதக்கும், அதைப் பற்றிக்கொண்டு ஆள் வரும் வரை தாக்குப் பிடிக்கலாம். புடைவையை நீட்டும்போது கரையில் படுத்தோ மரத்தைப் பிடித்தோ நீட்ட வேண்டும்.

மாசி மகத்துக்கு இந்த ஊரில் கூட்டம் அலைமோதும். திருவிழாவுக்குக் குழந்தையை அழைத்துப் போகும் யாரும் அப்பாவின் போன் எண்ணை எழுதிச் சட்டைப் பையில் வைப்பதோடு, அதை மனப்பாடமாகச் சொல்லவும் பழக்குங்கள். 'தொலைந்தால் இங்கே நில்' என்று ஓர் இடத்தைக் கோயிலுக்குள் போகும்போதே காட்டிவிடுங்கள். 112 என்ற ஒரே எண் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் உதவும் என்பது ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியட்டும்.

இத்தனையையும் ஒரே நாளில் செய்யச் சொன்னால் மலைப்பாக இருக்கும், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பண்டிகைக்கு ஒரு வேலை, அரை மணி நேரம்! முறுக்கு மாவு பிசைகிற நேரம்கூட ஆகாது. புது வருஷக் காலண்டர் வந்ததும் அந்தந்தப் பண்டிகைத் தேதிக்குப் பக்கத்தில் 'மழைப் பெட்டி', 'மெயின் போர்டு', 'வாளி', 'மருந்து', 'காஸ் குழாய்' என்று ஒரு வார்த்தை எழுதி வையுங்கள். வீட்டுக்காரரிடம் ஒன்றை ஒப்படையுங்கள், வளர்ந்த பிள்ளைகளிடம் ஒன்றை ஒப்படையுங்கள். எல்லாமே நம் தலையில் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

அடுத்து உங்கள் வீட்டில் எந்தப் பண்டிகை வருகிறதோ, அதிலிருந்தே ஆரம்பியுங்களேன்!